வாங்கச் சொன்னீர்கள், திரும்ப வாங்குங்கள்!

ஃபியூஸ் போன சிஎஃப்எல் பல்பை எங்கே போடுவது? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு நகரில் ஒரு சாதாரணக் குடும்பத்தால் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால், இந்தத் தலையங்கத்துக்கு வேலையே இல்லை. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி. பாதரசம் அடைத்த பல்பு இந்த இரண்டுக்கும் உரியதல்ல. ஆனாலும் இரண்டில் ஒன்றில்தான் விழுகிறது. அது உடையும்போது பக்கத்தில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். அதை வாங்கச் சொன்ன அதிகாரியோ, விற்று லாபம் பார்த்த நிறுவனத்தின் மேலாளரோ அங்கே இல்லை.

சட்டம் இல்லாததால் வந்த குறை அல்ல இது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடுகளிலிருந்து வரும் அபாயக் கழிவுகளைப் பட்டியலிட்டன. பூச்சிமருந்து டப்பா, காலாவதியான மருந்து, உடைந்த பாதரச தெர்மாமீட்டர் ஆகியவற்றோடு சிஎஃப்எல் பல்பும் டியூப்லைட்டும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றன. இவற்றைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்க வேண்டும், அது திறந்திருக்கும் நேரத்தை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகளுக்கு அவை கட்டளையிட்டன. 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சென்னை மாநகராட்சிக்கு இந்தக் கணக்குப்படி 22 மையங்கள் வேண்டும். எத்தனை இயங்குகின்றன, எந்தெந்தத் தெருவில், எத்தனை மணிக்கு? வீட்டு வரி பாக்கியை நினைவூட்டக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இந்த முகவரிகளை அனுப்ப மட்டும் ஏன் கை வரவில்லை?

பாதரச விளக்குகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்திய மின்னணுக் கழிவு விதிகளும் அதே 2016இல்தான் வந்தன. புதிய பல்பை விற்கத் தெருக்கோடிப் பெட்டிக்கடை வரை வரும் நிறுவனங்கள், பழைய பல்பை வாங்க அந்தக் கடைக்கு வருவதில்லை. விற்பனைக்கு வழி தெரிகிறது. திரும்பப் பெறுவதற்கு மட்டும் வழி மறந்துபோகிறது.

சிஎஃப்எல் பல்பால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாகாமல் வெப்பமாகவே போகிறது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 14 வாட்டில் தந்தது சிஎஃப்எல். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரியும் ஒரே ஒரு விளக்கை மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 84 யூனிட் மிச்சம். மாலை ஆறு மணிக்கு மேல் மின்தேவை உச்சிக்கு ஏறித் திணறிய காலத்தில் அது சிறிய உதவி அல்ல. அதனால்தான் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2009இல் ‘பச்சத் லேம்ப் யோஜனா’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு 15 ரூபாய்க்கு சிஎஃப்எல் வாங்கிக்கொள்ளலாம். மீதி விலையை, பல்பு வழங்கும் முதலீட்டாளர் கார்பன் வரவு விற்பனையில் ஈட்டிக்கொள்வது ஏற்பாடு. மின்வாரியங்களுக்கு உச்சநேரச் சுமை குறையும், முதலீட்டாளருக்குக் கார்பன் வரவு கிடைக்கும், வீட்டுக்காரருக்குக் கட்டணம் குறையும். எல்லாருடைய ஆதாயமும் பேசப்பட்ட அளவுக்கு, பல்பு செத்த பிறகு அதற்குள் இருக்கும் பாதரசம் யாருடைய பங்கு என்ற கேள்வி பேசப்படவில்லை.

சிஎஃப்எல்லுக்கு வேறு குறைகளும் உண்டு. குளியலறை, கழிவறைபோல அடிக்கடி போட்டு அணைக்கும் இடங்களில் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆயுள் அதற்கு வாய்ப்பதில்லை. போட்டவுடன் முழு வெளிச்சம் வராது. காற்றுப் புகாத கூண்டுக்குள் மாட்டினால் அதன் மின்சுற்று சூட்டில் கெடும். இவையெல்லாம் வாங்கியவரின் பணத்தோடு முடிகிற குறைகள். பாதரசம் அப்படியல்ல, வாங்காதவரையும் அது தேடிப் போகிறது.

குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பிறக்கிறது. குழாயின் உட்பூச்சு அதை வெளிச்சமாக மாற்றுகிறது. ஆகவே பாதரசம் இல்லாமல் சிஎஃப்எல் இல்லை. 30 வாட்டுக்குக் குறைந்த பல்பில் 2.5 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்பது 2016 மின்னணுக் கழிவு விதிகளின் வரம்பு. ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2011இல், டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு இந்தியச் சந்தையிலிருந்து 22 பல்புகளை வாங்கிச் சோதித்தபோது சராசரியாக 21 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. ஒரு பல்பில் 62 மில்லிகிராமையும் தாண்டியது. அந்தக் காலத்துப் பல்புகள்தாம் பிறகு ஒவ்வொன்றாக ஃபியூஸ் போய்க் குப்பைக்கு வந்தன.

இந்தக் கண்டனத்துக்கு எதிராக மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றும் நிற்கவில்லை.

ஒரு பல்பில் இருப்பது துளியிலும் துளி என்பது முதல் சமாதானம். ஒரு வீட்டுக்கு அது உண்மை. ஒரு பல்பு உடைந்ததற்காக யாரும் பீதியடைய வேண்டாம். ஆனால் தெருத் தெருவாகச் சேரும் துளிகள் எல்லாம் ஒரே வண்டியில் ஏறி ஒரே கிடங்கில் இறங்குகின்றன. சென்னையின் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அங்கே குப்பை நாள் கணக்கில் எரிந்தது. பாதரசம் எரிந்து சாம்பலாகும் பொருள் அல்ல. சூட்டில் ஆவியாகிக் காற்றில் கலக்கும். நீரில் சேர்ந்தால் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி மீனுக்குள் போய், மீன் உண்பவரிடம் திரும்பி வரும். குப்பையைக் கிளறிப் பிழைப்பவருக்கும் சதுப்புக் கரையில் குடியிருப்பவருக்கும் ‘துளி’ என்ற சமாதானம் பொருந்தாது.

குண்டு பல்பை எரித்திருந்தால் அனல்மின் நிலையப் புகையில் இதைவிட அதிகப் பாதரசம் வெளியேறியிருக்கும் என்பது இரண்டாவது. நிலக்கரியில் பாதரசம் உண்டு, உண்மைதான். ஆனால் குண்டு பல்பை விட்டு சிஎஃப்எல் வாங்கலாமா என்ற கேள்விக்கான விடை அது. செத்துப்போன பல்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. புகைபோக்கியில் மிச்சமான பாதரசத்தைக் காட்டி, தொழிலாளியின் மூச்சில் ஏறும் பாதரசத்தை நியாயப்படுத்துவது எந்த ஊர் நீதி?

எல்இடி வந்துவிட்டது, பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்பது மூன்றாவது. மூன்றிலும் பொறுப்பற்றது இதுதான். எல்இடியில் பாதரசம் இல்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தில் 9 வாட் எல்இடி பல்புகள் கோடிக்கணக்கில் விற்கப்பட்டன. புதியது வந்த வேகத்தில் பழையது குப்பைக்குப் போனது. புதிய பல்பு வாங்க மக்கள் வரிசையில் நின்ற அந்த மேசையைவிடப் பழைய பல்பைப் பெற்றுக்கொள்ள நல்ல இடம் ஏது? அந்த வாய்ப்பு கைநழுவ விடப்பட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எரிந்துகொண்டிருக்கும் 14 வாட் சிஎஃப்எல்லைக் கழற்றி எறிந்து எல்இடி மாட்டினால், அதே ஐந்து மணி நேரக் கணக்கில் ஆண்டுக்கு 9 யூனிட்தான் மிச்சம். நல்ல பல்பை அவசரமாகக் குப்பையாக்குவதில் வீட்டுக்குப் பெரிய லாபம் இல்லை. உடையாத பல்பிலிருந்து பாதரசம் வெளியே வராது. அதன் ஆயுள் முடியும்வரை எரியட்டும். பிறகு எல்இடிக்கு மாறுங்கள்.

காலம் குறைவாகவே இருக்கிறது. ஜப்பானில் பாதரசத்தால் மக்கள் பாதிக்கப்பட்ட மினமாட்டா நகரின் பெயர் தாங்கிய பாதரச உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. வீடுகளில் புழங்கும் 30 வாட் வரையிலான சிஎஃப்எல் பல்புகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2025ஐயும், டியூப்லைட்டுகளுக்கு 2027ஐயும் அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் கெடுவாக வைத்திருக்கின்றன. உற்பத்தி நின்றதும் நிறுவனங்கள் கடையைக் கட்டிவிடும். அதன் பிறகு திரும்பப் பெறச் சொல்லி யாரைக் கேட்பது?

பாதரசம் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்கு ஜப்பானிலிருந்து யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 2001இல் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டது, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஆலையின் உரிமையாளரான ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். அன்று பாதரசக் கண்ணாடி போய்ச் சேர்ந்த இடமும் காயலான் கடைதான். இன்று ஃபியூஸ் போன பல்பின் அடிப்பாகத்துக்காகக் கண்ணாடியை உடைத்துப் போடுகிற இடமும் அதுதான். ஊர்த் திருவிழாவில் நெஞ்சில் டியூப்லைட்டை உடைத்துக் காட்டும் இளைஞனுக்கு நாம் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். அதிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூளும் ஆவியும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள்மீது படிவதை அனுமதி கொடுக்கும் காவல்துறையும் கவனிப்பதில்லை.

திரும்பப் பெறுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டில் திட்டம் வந்தது: பத்து ரூபாய் கூடுதலாக வாங்கு, காலிப் பாட்டில் வந்தால் திருப்பிக் கொடு. பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மதுப் பாட்டிலுக்குச் சாத்தியமானது பாதரச விளக்குக்கு ஏன் சாத்தியமாகாது? காட்டில் எறிந்த காலிப் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கும் என்று புரிந்துகொண்ட அரசுக்கு, உடைந்த குழாய் மனிதரின் நுரையீரலுக்குள் போகும் என்று புரியாதா?

ஆகவே நாம் கேட்பது இவை. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் எல்லைக்குள் இயங்கும் அபாயக் கழிவு மையங்களின் முகவரியையும் நேரத்தையும் ஒரு மாதத்துக்குள் தமிழில் வெளியிட வேண்டும். மையம் இல்லாத இடத்தில், எப்போது வரும் என்று தேதி சொல்ல வேண்டும். குப்பை வண்டிகளில் பல்புக்கும் டியூப்லைட்டுக்கும் மூடியுள்ள தனிப்பெட்டியும், பணியாளருக்குத் தடித்த கையுறையும் வேண்டும். விற்ற கடையிலேயே பழையதைக் கொடுத்துப் பணம் பெறும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்கள் தங்கள் செலவில் செய்ய வேண்டும். மின்வாரியப் பிரிவு அலுவலகம்தோறும் ஒரு சேகரிப்புப் பெட்டி வைக்கப்பட வேண்டும். எத்தனை விளக்குகள் விற்றன, எத்தனை திரும்பின, அவற்றின் பாதரசம் எங்கே மீட்கப்பட்டது என்ற கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் பொதுவில் வைக்க வேண்டும். திரும்பப் பெறாத நிறுவனத்துக்கு அபராதம் விதிக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கும் கடமை உண்டு. பல்பு உடைந்தால் பிள்ளைகளை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் விலகி இருங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் பரவும். கெட்டி அட்டையால் அள்ளி, ஒட்டும் டேப்பால் மிச்சத்தை ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் அடையுங்கள். ஃபியூஸ் போன பல்பை அதன் பழைய அட்டையிலேயே உடையாமல் பத்திரப்படுத்துங்கள்.

பத்திரப்படுத்திய பல்பை நாங்கள் யாரிடம் கொடுப்பது? வாங்கச் சொல்லி வீடு வீடாக வந்தவர்கள், இதற்கு முகவரியோடு பதில் சொல்ல வேண்டும்.