பீடி தேடும் கைக்கு ஒரு கூட்டாளி

கேள்வி: பீடியை நிறுத்தினால் மூன்றாம் நாளே கை தேடுகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதல் வாரம்தான் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி வரலாம். நிகோடின் இல்லாமல் பழக உடல் படும் பாடு அது. ஏக்கம் எழுந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களைக் கடத்தத்தான் ஆள் வேண்டும். ஊரில் பீடியை விட்டவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் சொல்லி வையுங்கள். கை தேடும்போது போன் போடுங்கள். டீக்கடை நண்பர்களிடமும் 'எனக்கு நீட்டாதீங்க' என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஓசி பீடியை மறுப்பதுதான் பெரும்பாடு! பேச ஆளில்லையென்றால் மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356. இடையில் ஒன்று பிடித்துவிட்டால் 'எல்லாம் போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். மிச்சமுள்ள பீடிக்கட்டை அப்போதே அடுப்பில் போடுங்கள்.