எளிமையின் பெயரால் பொய்

விண்வெளிப் பயணம் பற்றிய கல்விப்படம் ஒன்றைக் காட்டிவிட்டு, "விண்கலத்தில் மனிதர் மிதப்பது ஏன்?" என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். "அங்கே புவியீர்ப்பு இல்லை" என்று பலர் விடை கூறுவர். விடை பிழையானது. ஆயின் பிழை மாணவனுடையதன்று. 'ஈர்ப்பற்ற வெளி' என்று கூசாது முழங்கும் படத்தின் பின்னணிக் குரலுடையது.

உண்மை யாது? சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலே பூமியைச் சுற்றுகிறது. அவ்வுயரத்தில் ஈர்ப்பு விசை தரையிலுள்ளதில் நூற்றுக்கு 90 பங்களவு இருக்கின்றது. அது இல்லையெனின் நிலையம் பூமியைச் சுற்றாது. நேர்கோட்டிலே ஓடி மறைந்துவிடும். நிலையமும் அதனுள் இருக்கும் மனிதனும் ஒருங்கே விழுந்துகொண்டிருப்பதனாலேயே அவன் மிதக்கிறான். எப்பொருளும் முதல் விநாடியில் ஏறத்தாழ 5 மீற்றர் விழும். பூமியின் மேற்பரப்போ 8 கிலோமீற்றர் தூரத்தில் அதேயளவு வளைந்து தாழ்கிறது. ஆகவே விநாடிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் விரையும் பொருள் விழுந்துகொண்டேயிருந்தும் தரையைத் தொடுவதில்லை. மலையுச்சியிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டை உவமையாக்கி, நியூற்றன் 17ஆம் நூற்றாண்டிலேயே இதனை விளக்கிவிட்டார். திரையிலே காட்ட ஒரு நிமிடம் போதும்.

பிழை இதனோடு நிற்பதில்லை. காற்றற்ற வெளியிலே இயந்திரங்கள் உறுமுகின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கற்கள் மழையெனப் பொழிகின்றன. பயனியர் 10 என்னும் விண்கலமோ 1972, 1973ஆம் ஆண்டுகளில் அப்பகுதியைச் சேதமின்றிக் கடந்து சென்றது. சூரியனும் கோள்களும் கோவைப் பாசிமணிகள் போல நெருங்கி நிற்கின்றன. பூமியை 1 சென்ரிமீற்றர் உருண்டையாகக் கொண்டால் சந்திரன் 30 சென்ரிமீற்றருக்கு அப்பால் இருக்கும். 1 மீற்றருக்குச் சற்று அதிகமான விட்டமுடைய சூரியனோ ஏறத்தாழ 120 மீற்றருக்கு அப்பால் நிற்கும். இத்தூரத்தைத் திரைக்குள் அடக்க முடியாதென்பது மெய்யே. முடியாதென்பதைச் சொல்வதற்கு என்ன தடை?

"சிறுவர்க்கான படம், சுவை வேண்டும், எளிமை வேண்டும்" என்று வாதிப்போர் உளர். எளிமைக்கு நாம் பகைவரல்லர். சிக்கலான உண்மையின் ஒரு பகுதியைத் தெளிவாகச் சொல்வது எளிமை. உண்மைக்கு மாறானதைச் சொல்வது பொய். மாதிரியுருவும் ஓவியமும் பயன்படுத்துவது குற்றமன்று. ஓவியத்தை ஒளிப்படமென நம்பவைப்பதே குற்றம்.

சோவியத் இயக்குநர் பாவெல் குளுஷான்சேவ் 1957இல் 'நட்சத்திரங்களுக்கான பாதை' என்னும் படத்தை ஆக்கினார். மனிதன் விண்வெளி செல்ல அன்று இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. நடிகரைக் கம்பியிலே தொங்கவிட்டு, கம்பி கண்ணிற் படாவண்ணம் கீழிருந்து படம்பிடித்து, எடையற்ற நிலையை அவர் திரையிற் காட்டினார். தந்திரம் அங்கும் உண்டு. ஆனால் அத்தந்திரம் விஞ்ஞானத்துக்கு ஊழியம் செய்தது. மெய்யான விண்வெளிக் காட்சிகள் குவிந்து கிடக்கும் இக்காலத்திலே பிழையாகப் படமெடுப்போருக்கு என்ன சமாதானம் உண்டு?

இப்பிழையால் நட்டமடைவோர் யாவர்? தொலைநோக்கியும் நூலகமும் உள்ள பாடசாலையின் மாணவன் நாளை தன் பிழையைத் திருத்திக்கொள்வான். ஆய்வுகூடமற்ற பாடசாலையின் பிள்ளைக்கோ அப்படமே ஆய்வுகூடம், அப்படமே நூலகம். அவனுக்குக் கிடைக்கும் ஒரேயொரு சாளரத்திலும் பொய்யைத் தீட்டி வைப்பது கல்வித் துரோகமன்றோ? திரை சொன்னதெல்லாம் மெய்யென்று பதின்மூன்று வயதிற் பழகியவன், பின்னர் அதிகாரத்திலுள்ளோர் சொல்வதையும் அவ்வாறே ஏற்பான்.

ஆசிரியர்களே, படம் ஓடும்போது கைகட்டி நில்லாதீர்கள். "அங்கே ஈர்ப்பு இல்லை" என்ற குரல் எழும் இடத்திலே படத்தை நிறுத்துங்கள். "அப்படியாயின் சந்திரன் ஏன் ஓடிப்போகவில்லை?" என்று வகுப்பைக் கேளுங்கள். மாணவர் விடை தேடி முடித்த பின்னர் படம் மேலே ஓடட்டும்.