பழைய மகிழுந்தின் மேல் ஏன் பழி?



“இந்தப் பழைய காடிக்கு எதற்கு சார் இவ்வளவு செலவு?” ஆசிரியர் அறையில் நான் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் நல்லவர், அக்கறையோடுதான் கேட்கிறார். ஆயினும் இக்கேள்வி ஆபத்தானது என்றே சொல்வேன். நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டுக்கொண்டிருந்தவன். அதற்குரிய விலையைக் கொடுத்தவள் என் மாணவி.

என்னுடையது 2005இல் பதிவான புரோட்டோன் வீரா. 2014இல் 9,000 வெள்ளிக்கு வாங்கினேன். வீராவின் உற்பத்தி 2009இலேயே நின்றுவிட்டது. எனினும் உதிரிப்பாகம் கிடைக்காமல் நான் ஒருநாளும் தவித்ததில்லை.

2018இல் ஒரு காலைப்பொழுது. மாவட்ட அளவிலான கதை சொல்லும் போட்டிக்கு மாணவர் மூவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பாதி வழியில் வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டியது. கண்டேன். இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே என்று ஓட்டினேன். சற்று நேரத்தில் முள் தானாகவே இறங்கியது, மனம் நிம்மதியடைந்தது. என்ன அறியாமை! நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் உணரியைச் சூழ்ந்திருப்பது வெறும் காற்றும் ஆவியுமே. அப்போது முள் காட்டுவது உண்மையான வெப்பமன்று.

முன்புறம் ஆவி எழுந்தது. ஓரமாக நிறுத்தினேன். நான் கைப்பேசியில் உதவி தேடிக்கொண்டிருக்க, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினான். நான் போட்ட கூச்சலில் அவன் பின்வாங்கினான். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, நூறு பாகையைக் கடந்தும் நீர் கொதிக்காமல் வைத்திருக்கும். திறந்த நொடியில் எஞ்சியிருக்கும் நீர் ஆவியாகி முகத்தில் பாயும். அறிவியல் பாடத்தில் அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பையனின் கைதான் என் கண்முன் வருகிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது போட்டி முடிந்திருந்தது. இரண்டு மாதம் பயின்ற மாணவி, “பரவாயில்லை சார்” என்றாள்.

பட்டறையில் ரேடியேட்டரிலிருந்து வடிந்த நீர் தே ஓ நிறத்தில் இருந்தது. கூலண்டுக்குக் காசு எதற்கு என்று மூன்று ஆண்டுகளாகக் குழாய்நீரையே ஊற்றியவன் நான். அந்நீர் இரும்புப் பகுதியை உள்ளிருந்தே துருவாக்கி, நீர் செல்லும் வழிகளை அடைத்திருந்தது. போதாக்குறைக்கு, அதற்கு முன்பு வேறொரு பட்டறையில், “இந்த வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை” என்று சொல்லி அதைக் கழற்றியும் விட்டார்கள். ஒரு பொருள் மிச்சம் என்று மகிழ்ந்தேன்! அது இல்லையேல் இயந்திரம் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஒழுகுவதையும் அடைப்பதையும் அது குணப்படுத்தாது.

அடிப்பகுதி வார்ப்பிரும்பு; மேற்பகுதியோ அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினியம் மிகுதியாக விரிந்து வளையும். இடையிலுள்ள கேஸ்கெட் பழுதாகும். நீரும் எண்ணெயும் கலக்கும். எனக்கு நேர்ந்தது அதுவே. மேற்பகுதியைச் சமன்படுத்தியது, கேஸ்கெட், புதிய ரேடியேட்டர், நீர் பம்பு, கூலி எல்லாம் சேர்த்து 1,650 வெள்ளி. உரிய காலத்தில் கூலண்டும் இரண்டு ரப்பர்க் குழாய்களும் மாற்றியிருந்தால் 200 வெள்ளியைத் தாண்டியிருக்காது என்றார் போமன். ஆகவே, அன்று வழியில் நின்றது பழைய மகிழுந்து என்று சொல்வது அபாண்டம். நின்றது என் கஞ்சத்தனம்.

டைமிங் பெல்ட்டுக்கும் இதே கதைதான். ஏறத்தாழ 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிய பொருள் அது. “நான் பள்ளிக்கும் வீட்டுக்கும்தானே ஓட்டுகிறேன்” என்பது செல்லாத வாதம். ரப்பருக்கு வயதும் வெப்பமும் எதிரிகள். குறைவாக ஓடினாலும் சில ஆண்டுகளில் முதுமை எய்திவிடும். அறுந்தால் பல இயந்திரங்களில் வால்வுகள் வளையும். நீர் பம்புடன் சேர்த்து மாற்ற நான் கொடுத்தது 380 வெள்ளி. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் என்பதையும் நம்மில் பலர் அறிவதில்லை. சன்னல் மோட்டார் பழுதானால் உடனே பட்டறைக்கு ஓடுகிறோம், மழை உள்ளே வருகிறதல்லவா!

புதியது வாங்கினால் தொல்லை தீரும் என்பார்கள். மாதம் 650 வெள்ளி என்று ஒன்பது ஆண்டு தவணை கட்டினால் 70,200 வெள்ளி. 2018க்குப் பிறகு நான் பழுதுபார்ப்புக்கு மிகுதியாகச் செலவிட்ட ஆண்டில்கூடக் கணக்கு 2,300 வெள்ளிதான். வசதியுள்ளோர் வாங்கட்டும். அடிச்சட்டமே துருவேறிப்போன வண்டியைக் கட்டி அழ வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால், புதியது வாங்கவும் மனமில்லாமல், பழையதைப் பேணவும் மனமில்லாமல், அதிலேயே பிறர் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன். பள்ளிப் பேருந்து ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறது. நம் சொந்த மகிழுந்துக்கோ உரிமை மாற்றும் வேளையில்தான் பெரும்பாலும் பரிசோதனை. அதே பிள்ளைகள்தாம் இதிலும் அமர்கிறார்கள்.

தொடக்கத்தில் சொன்ன நண்பர், வரும் சனிக்கிழமை நான்கு மாணவர்களைத் திடல்தடப் போட்டிக்கு அழைத்துச் செல்லவிருந்தார். நேற்று அவருடைய டயரில் பொறித்திருந்த நான்கு எண்களைப் படித்துக் காட்டினேன்: 1115. அதாவது 2015ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் செய்தது. “பள்ளம் இன்னும் ஆழமாகத்தானே இருக்கிறது சார்” என்றார். பக்கவாட்டில் இருந்த வெடிப்புகளைக் காட்டினேன். நாலு டயருக்கு 600 வெள்ளியா என்று முகம் சுளித்தார்.

சனிக்கிழமை அந்த நால்வரும் என் வண்டியில் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.