நாக்கு சொல்லாத கணக்கு

வீட்டிலேயே வேப்பிங் திரவம் கலப்பவர்கள் சுவையை அரைச் சதவீதம் வரை சரிபார்க்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ளும் நுரையீரலுக்கோ சுவை தெரியாது.

சமையலறை மேசைதான் ஆய்வுக்கூடம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை எடை காட்டும் சின்ன மின்தராசு, ரப்பர் கையுறை, சிரிஞ்சுகள், ஒரு லிட்டர் கிளிசரின், விரல் நீளப் பாட்டில்களில் ஸ்ட்ராபெர்ரி, வனிலா, கஸ்டர்டு என்று வரிசையாக எசென்ஸ். பக்கத்தில் கணக்கு எழுத ஒரு நோட்டுப் புத்தகம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஓய்வு நாட்களில் பல வீடுகளில் நடக்கும் வேலை இது. மின் சிகரெட்டில் ஊற்றி உறிஞ்சும் திரவத்தைக் கடையில் வாங்காமல் இவர்கள் தாங்களே கலந்துகொள்கிறார்கள்.

முதல் காரணம் பணம். உள்ளே இருக்கும் சரக்கின் விலை மிகக் குறைவு; கடை விலையில் பெரும்பங்கு பாட்டிலுக்கும் பெயருக்கும் போகிறது. இரண்டாவது காரணம் சட்டம். 2014-ல் நிறைவேறி 2016 மே மாதம் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள், நிக்கோடின் கலந்த திரவத்தை 10 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது, ஒரு மில்லியில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோடின் இருக்கக் கூடாது என்றன. நிக்கோடின் இல்லாத திரவத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வியாபாரிகள் உடனே வழி கண்டுபிடித்தார்கள். நிக்கோடின் இல்லாத சுவைத் திரவம் 50 மில்லி ஒரு பாட்டிலில். 18 மில்லிகிராம் வீரியமுள்ள நிக்கோடின் 10 மில்லி தனியாக. வீட்டுக்குப் போய் இரண்டையும் சேர்த்துக் குலுக்கினால் 60 மில்லி, வீரியம் 3 மில்லிகிராம். சட்டமே கலக்கக் கற்றுக்கொடுத்தது. அந்தக் குலுக்கலில் தொடங்கியவர்களில் சிலர் தராசு வாங்கும் வரை போய்விட்டார்கள்.

பிறகு வந்த விதிகளும் அதே திசையில்தான் தள்ளுகின்றன. நெதர்லாந்தில் 2024 தொடக்கம் முதல் புகையிலைச் சுவை தவிர வேறு சுவையில் விற்க முடியாது. 2026 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மில்லிக்கும் 2.20 பவுண்டு வரி என்று பிரிட்டன் 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. ஆனால் கேக்குக்கும் மிட்டாய்க்கும் போடும் எசென்ஸ் எந்த ஊரிலும் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல.

கலவையின் அடிப்படை எளிது. இரண்டு திரவங்கள். புரோப்பலீன் கிளைக்கால் நீர்த்தது. எசென்ஸை நன்றாகச் சுமந்து வரும். தொண்டையில் சற்றே காரமாகத் தட்டும். கிளிசரின் கெட்டியானது, லேசாக இனிக்கும், மேகம் போல ஆவி கிளப்பும். முன்னது மில்லிக்கு 1.04 கிராம், பின்னது 1.26 கிராம். கிளிசரின் சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும் என்பதால், அனுபவசாலிகள் மில்லிக் கணக்கை விட்டுவிட்டு எடைக் கணக்குக்கு மாறிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எசென்ஸ் மொத்தமாக 5 முதல் 20 சதவீதம் வரை.

கைப்பக்குவம் அந்தச் சில சதவீதத்தில்தான் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி 6, கிரீம் 3, வனிலா 1 என்று ஒருவர் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழ வாசனை முதலில் வந்து முதலில் போய்விடும். கிரீம் நடுவில் நிற்கும். வனிலா கடைசி வரை அடியில் தங்கும். பழம் ஊசி போலக் குத்தினால் அதைக் குறைக்க வேண்டியதில்லை. பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டால் அரைச் சதவீதம் போட்டால் முனை மழுங்கும். அதையே இரண்டு சதவீதமாக்கினால் எல்லா மணமும் போர்வைக்குள் போனது போல் அமுங்கிவிடும். சப்பென்று இருந்தால் ஆப்பிளின் புளிப்பான மாலிக் அமிலம் சில சொட்டு. இனிப்புக்குச் சுக்ரலோஸ், கூடினால் சூடாகும் காயிலில் கருகிக் கரிப்படலமாகப் படியும். புதினா வாசனை இல்லாமல் குளிர்ச்சியை மட்டும் தரும் சேர்க்கையும் உண்டு.

இந்தச் சமையலின் விதிகள் எந்தப் பாட்டிக்கும் புரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் 10 மில்லி செய்து பார். மாற்றியதை எழுதி வை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊற விடு. பழச் சுவைகள் ஓரிரு நாளில் கூடிவிடும். கஸ்டர்டும் புகையிலைச் சுவையும் இரண்டு முதல் நான்கு வாரம் இருட்டில் ஊற வேண்டும். வனிலா போட்ட திரவம் அதற்குள் தேன் நிறத்துக்கு மாறும். ஆவக்காயைப் போல இதற்கும் பொறுமைதான் பாதி ருசி.

ஒரு சிக்கல் மட்டும் சமையலில் இல்லாதது. சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி மணம். ஒரே மணத்தை நாள் முழுக்க உறிஞ்சுகிறவருக்கு அது சில நாட்களில் தெரியாமல் போகும். பூக்கடைக்காரருக்கு மல்லிகை தெரியாத கதைதான். திரவம் மாறவில்லை, மூக்குதான் மரத்துப் போயிருக்கிறது. தெரிந்தவர்கள் ஒரு நாள் வேறு சுவைக்கு மாறுகிறார்கள். தெரியாதவர்கள் எசென்ஸை 10-லிருந்து 15-க்கும், 15-லிருந்து 20-க்கும் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது நாக்குக்காக. ஏற்றியதெல்லாம் போய்ச் சேருவது நுரையீரலுக்கு.

அங்கேதான் சமையலறை உவமை உடைகிறது. எசென்ஸ் பாட்டிலில் 'உணவுத் தரம்' என்று எழுதியிருப்பது பொய்யல்ல. ஆனால் அந்தச் சான்றிதழ் விழுங்குவதற்கானது. வயிற்றில் அமிலம் இருக்கிறது, பின்னால் காவலுக்குக் கல்லீரல் இருக்கிறது. மூச்சுக் காற்றோடு போவதற்கு அப்படிக் காவல் கிடையாது.

இதை உலகம் கற்றுக்கொண்டது வேப்பிங்கிலிருந்து அல்ல, சோளப்பொரியிலிருந்து. 2000-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் அரிய நோய் இருப்பது வெளிவந்தது. காரணம் தேடிப் போனவர்கள் வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலிடம் வந்து நின்றார்கள். அந்தப் பொரியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மணத்தை ஆவியாகச் சுவாசித்தவர்களுக்கு மூச்சு திரும்பவில்லை.

கஸ்டர்டு, கிரீம், பட்டர்ஸ்காட்ச் சுவைகளை இழைவாக்குவதும் இதே பொருள்தான். 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுவையூட்டப்பட்ட 51 மின் சிகரெட் வகைகளைச் சோதித்தபோது 39-ல் டைஅசிட்டைல் இருந்தது. சிகரெட் புகையில் இதைவிட அதிகமாகவே அது உண்டு என்பதும் உண்மை. பிரிட்டன் 2016 முதல் நிக்கோடின் திரவங்களில் அதைத் தடை செய்திருக்கிறது. எசென்ஸ் தயாரிப்பாளர்கள் சிலர் அதை எடுத்துவிட்டு, அண்ணன் தம்பி உறவுள்ள 2,3-பென்டேன்டையோனைப் போட்டார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2016-ல் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து எச்சரித்தது. பேக்கரிக்கென்று விற்கும் பாட்டிலில் இரண்டில் எது இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. நாக்கு அதைக் கண்டுபிடிக்கும்; ஆனால் 'அருமையான வெண்ணெய்' என்று பாராட்டும்.

ஊறுவதும் சாதாரண ஊறல் அல்ல. வனிலா, செர்ரி, லவங்கப்பட்டை போன்ற மணங்களைத் தரும் ஆல்டிஹைடுகள், பாட்டிலில் சும்மா இருக்கும்போதே புரோப்பலீன் கிளைக்காலுடன் சேர்ந்து அசிட்டால் என்னும் புதிய சேர்மங்களாகின்றன என்று யேல், டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018-ல் காட்டினார்கள். அவை ஆவியிலும் போகின்றன. மூச்சுப் பாதையின் எரிச்சல் உணர்விகளைத் தூண்டுகின்றன. நோட்டுப் புத்தகத்தில் எழுதாத ஒரு சரக்கு, நாலு வாரத்தில் தானே வந்து சேர்ந்துகொள்கிறது.

நாக்கை நம்புவதன் எல்லையை 2019 காட்டியது. அமெரிக்காவில் அந்தக் கோடையில் இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். குற்றவாளி பெரும்பாலும் நிக்கோடின் திரவம் அல்ல. திருட்டுச் சந்தையில் விற்ற கஞ்சா எண்ணெய்க் குப்பிகள். எண்ணெயைக் கெட்டியாகக் காட்ட அதில் வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்திருந்தார்கள். 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைப் பரிசோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது. மாத்திரையாக விழுங்கினாலும் முகத்தில் பூசினாலும் சாதுவான பொருள். சுவையைக் கெடுக்காது. உறிஞ்சியவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

வீட்டுக் கலவைக்காரர்களில் கவனமானவர்கள் இதிலிருந்து ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்: எண்ணெய் கூடாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய், கிராம்பு எண்ணெய், எண்ணெயில் கரைத்த மிட்டாய் எசென்ஸ் எதுவும் ஆகாது. 'இயற்கையானது' என்ற சொல்லுக்கு நுரையீரலிடம் மரியாதை கிடையாது.

எண் பிழைக்கும் அது மன்னிப்பு தராது. கலப்பவர்கள் சிலர் வாங்கும் நிக்கோடின் மில்லிக்கு 100 மில்லிகிராம் வீரியம் கொண்டது. 3 மில்லிகிராம் வீரியத்தில் 100 மில்லி வேண்டுமானால் அதில் 3 மில்லி போதும். ஒரு புள்ளி இடம் மாறி 30 மில்லி ஆனால், ஐரோப்பாவில் கடையே விற்க முடியாத வீரியம் கைக்கு வந்துவிடும். தோல் வழியாகவும் அது உடலில் ஏறும், கையுறை அதற்காகத்தான். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை நிக்கோடின் திரவத்தை விழுங்கி இறந்தது. குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது அதற்குப் பிறகு. வீட்டில் நிரப்பும் பாட்டிலுக்கு அந்த மூடியைத் தேடி வாங்கிப் போட வேண்டியவர் கலப்பவர்தான்.

இதையெல்லாம் அறிந்தும் ஏன் கலக்கிறார்கள்? பலருக்கு அது சிகரெட்டிலிருந்து தப்பிய வழி. நிக்கோடின் பட்டையைவிட மின் சிகரெட் அதிகம் பேரைப் புகையிலிருந்து விடுவிக்கிறது என்று காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுகள் சொல்கின்றன. நாற்பது வயதுக்காரரைப் புகையிலை ருசியிலிருந்து பிரித்துக் கூட்டிப்போவது அந்த ஸ்ட்ராபெர்ரிதான். புகைத்தே பழகாத பதினாறு வயதுப் பிள்ளையை உள்ளே இழுப்பதும் அதுவேதான்.

இந்தியா அந்த வாதத்துக்குள் போகாமலே கதவைச் சாத்தியது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம்: மின் சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் மணத்தை வைத்து நிக்கோடினை இறக்கும் வித்தை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஜர்தாவில் ஏலக்காயும் தாழம்பூவும் செய்வது என்ன? உணவுப் பொருளில் புகையிலையோ நிக்கோடினோ சேர்க்கக் கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு விதியை வைத்துத்தான் பல மாநிலங்கள் குட்காவைத் தடை செய்தன. உணவு போல மணப்பதெல்லாம் உணவல்ல என்று சொல்ல ஒரு விதி தேவைப்பட்டது.

கலவைக்காரரின் நோட்டில் எல்லாம் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி 6, கிரீம் 3, வனிலா 1, எத்தில் மால்ட்டால் 0.5, ஊறல் மூன்று வாரம், ருசிக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண். மூச்சுக்குழல் மதிப்பெண் போடுவதில்லை. அது எழுதத் தொடங்கும்போது, இருமலில்தான் எழுதும்.