சின்னக் கோச்சியை நாங்கள் கைவிட்ட கதை

இலங்கை மலையகத்தில் எங்கள் ஊர் நோர்வூட். இங்கே எந்தக் காலத்திலும் கோச்சி, அதாவது ரயில், வந்ததில்லை. கோச்சி பிடிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி, டிக்கோயா தாண்டி, அட்டனுக்குப் போக வேண்டும். எங்கள் அலட்சியத்துக்கு நாங்கள் முதலில் எடுத்து நீட்டும் சாக்கும் இதுதான்: நம்ம ஊர்ச் சங்கதி இல்லையே, நமக்கென்ன?

சங்கதி, நானுஓயாவுக்கும் ராகலைக்கும் இடையில் ஓடிய சின்ன ரயிலைப் பற்றியது. கொழும்பிலிருந்து மலையேறும் பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி. நானுஓயாவில் பிரிந்த இந்தக் கிளைக்கு இரண்டரை அடிதான். 1903இல் நூரளை (நுவரெலியா) வரைக்கும், 1904இல் கந்தப்பளை தாண்டி ராகலை வரைக்கும் போட்டார்கள். மொத்தம் 19 மைல் இருக்கும். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலையைக் கீழே கொண்டுபோகத்தான் இத்தனை பாடு. அந்த மலையில் பெரிய பாதைக்கு மண்ணும் கல்லும் வெட்டிக் கட்டுப்படியாகாது. பாதை ஒடுங்கினால் வளைவுகளை இறுக்கிப் போடலாம், செலவும் சுருங்கும். ஆனால் சின்னப் பாதையின் பெட்டி பெரிய பாதையில் ஓடாது. ராகலையிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றையும் நானுஓயாவில் இறக்கி, மறுபடி பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். பாதை போட்டதில் மிச்சம் பிடித்த காசுக்கு, ஏற்றி இறக்கியவனின் முதுகு கணக்குக் கொடுத்தது.

அப்படிச் சுமந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட எங்களிடம் இல்லை. என்ஜின் எங்கே செய்யப்பட்டது, ஏற்றம் எத்தனை அடிக்கு ஒன்று என்பதையெல்லாம் ரயில் பைத்தியம் பிடித்த வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் தங்கள் என்ஜினை எழுதினார்கள். நாங்கள் எங்கள் ஆளை எழுதவில்லை. லொறி வந்து சரக்கைப் பிடித்துக்கொண்டதும் 1940களில் அந்த ரயில் நின்றது, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் அதில் வேலை செய்தவர்கள் அறுபது வருடம் எங்கள் நடுவில் உயிரோடு இருந்தார்கள்.

எங்கள் அத்தையை ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தோம். அத்தையின் மாமனார் சின்ன வயதில் அந்தப் பாதையில் கல் போட்ட ஆள். பொங்கலுக்கும் திருவிழாவுக்குமாகப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். லயத்து வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சம்பள உயர்வு பேசினோம், தொழிற்சங்கம் பேசினோம், சினிமாவும் பேசினோம். “தாத்தா, நீங்க கல்லு போட்ட பாதை எந்த வழியா போச்சு?” என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவராகவே ஒருமுறை தொடங்கினார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த தோட்டப் பள்ளியில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு மரக்கிளையில் தொங்கும். அதை அடித்தால்தான் பிரார்த்தனை. எந்தப் பாதையில் கிடந்த இரும்பு என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிறகு நானே வாத்தியாரானேன். நானும் சொல்லவில்லை. மின்சார மணி வந்த வருடம் அந்தத் துண்டைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தோம். அப்படி விற்ற கடுதாசியில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஏன் இப்படி இருந்தோம் என்று யோசித்தால் ஒரு காரணம் தெரிகிறது. கோச்சி என்றாலே எங்களுக்கு அழுகைதான் ஞாபகம். இந்தியாவிலிருந்து எங்கள் முன்னோரைக் கொண்டுவந்தபோது கழுத்தில் தோட்டத்து நம்பர் அடித்த தகர வில்லை. அந்தப் பயணச் செலவே கடனாக எங்கள் கணக்கில் விழுந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்த பின்னால், தலைமன்னாருக்குப் போன வண்டிக்கு எங்கள் சனம் வைத்த பெயரே ஒப்பாரிக் கோச்சி. 2023இல், நாங்கள் வந்து இருநூறு வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நல்ல காரியம், நானும் கூட்டங்களில் கைதட்டினேன். பட்ட பாட்டைச் சொல்ல எங்களுக்கு மேடை போதவில்லை. செய்த வேலையைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஒப்பாரிக் கோச்சியில் போனவர்களில் பலர் இன்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிய மலை ரயில் அங்கே இன்னும் ஓடுகிறது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. டார்ஜிலிங்கின் இரண்டடிப் பாதைக்கு 1999இலேயே அந்த மரியாதை கிடைத்துவிட்டது. குன்னூரிலிருந்து சொந்தக்காரர்கள் தங்கள் மலை ரயிலின் படத்தை அனுப்புகிறார்கள். “அழகு” என்று பதில் போடுகிறோம். எங்களிடமும் இப்படி ஒன்று ஓடியது என்று திருப்பி எழுத எங்களுக்குத் தோன்றவில்லை. ராகலைத் தடத்தின் மேல் இப்போது சில இடங்களில் றோட்டுப் போகிறது. அதில் வேனில் போகிறவர்களுக்கு அது வெறும் வளைவு.

அத்தையின் மாமனார் போய்விட்டார். அந்த ரயிலை ஐந்தாறு வயதில் பார்த்த பிள்ளைக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். கந்தப்பளையிலோ நூரளையிலோ நானுஓயாவிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பேரப்பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் பேசத் தொடங்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் எழுந்துவிடாதீர்கள்.