பால் வெட்டியவர்களுக்கு ஒரு கல்லாவது வேண்டும்



2025 ஜூலை 8ஆம் திகதி ஜப்பானியப் பேரரசர் நருஹித்தோவும் பேரரசி மசாக்கோவும் மொங்கோலியாவில், உலான்பாட்டருக்கு வெளியே உள்ள நினைவிடத்தில் மலர் வைத்து வணங்கினார்கள். 1945இல் ஜப்பானுக்கு எதிராகப் போரில் இறங்கிய நாடு அது. தோற்ற படையிலிருந்து ஏறத்தாழ 14,000 பேரைக் கைதிகளாக அங்கே கொண்டுபோய்க் கட்டட வேலையில் போட்டார்கள். 1,700 பேருக்கு மேல் ஊர் திரும்பவில்லை. கல் சுமந்து செத்த அவர்களைத் தேடி, எண்பது ஆண்டு கழித்து அவர்களின் அரசர் பழைய எதிரியின் மண்ணுக்கே போயிருக்கிறார். செய்ய வேண்டியதைச் செய்தார்.

அதே போரில் ஜப்பானியப் படை மலாயாத் தோட்டத் தமிழரைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துப்போய்ப் பல்லாயிரம் பேரைப் பலிகொடுத்தது. அவர்களுக்காகவும் அந்த அரண்மனை தலை குனியட்டும். ஆனால் அதைக் கேட்கும் வாய் நமக்கு இருக்கிறதா? அதே போருக்காக உழைத்த இலங்கைத் தோட்டத் தமிழரை நாமே மறந்திருக்கிறோமே!

1942இல் மலாயாவும் ஜாவாவும் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு ரப்பர் கொடுத்ததில் முதலிடம் இலங்கைக்குத்தான். விமானச் சக்கரமும் லொறி டயரும் கேகாலை, இரத்தினபுரி மரங்களின் பாலில்தான் உருண்டன. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, ஒட்ட வெட்டு என்று அரசே சொன்ன காலம். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், அட்டைக்கடியோடு மலை ஏறி, மழை வருமுன் சிரட்டைப் பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்ததை என் அப்பாயி சாகும்வரை சொல்வார். பர்மா அரிசி நின்றுபோனதால் சோற்றுக்கே வழியில்லாத நாட்கள் அவை. குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சாயத்தண்ணியோடு மலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்!

போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், இதே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டு அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அதை எதிர்த்துத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து, வெள்ளைக்காரனின் யுத்தத்துக்கு மரத்தை வெட்டிய கைக்குச் சொந்த நாட்டில் ஓட்டுப் போட உரிமையில்லை என்றானது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. என் சின்னத் தாத்தா அந்தக் கணக்கில்தான் கப்பலேறினார்.

ஒவ்வொரு நவம்பரிலும் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவின் போர் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். படைவீரர்களுக்கு அந்த மரியாதை வேண்டியதுதான். அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் படித்த வரலாற்றுப் பாடத்தில் 1942 ஏப்ரல் 5இல் கொழும்பில் விழுந்த குண்டு இருந்தது. எங்கள் பால்வெட்டுக்காரர் இல்லை. எங்கள் தோட்டத்திலும் அவர்களுக்கென்று ஒரு கல் கிடையாது. அவர்களைப் புதைத்த மேட்டில் இப்போது மறு நடவு மரங்கள் நிற்கின்றன.

சப்ரகமுவ மாகாண நிர்வாகமும், எங்கள் வாக்கால் நாடாளுமன்றம் போனவர்களும், தொழிற்சங்கத் தலைவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேகாலை நகரில் ஒரு நினைவுக்கல் வையுங்கள். அதில் தமிழிலும் சிங்களத்திலும் ‘யுத்த காலத்தில் ரப்பர் பால் வெட்டிய தொழிலாளர்’ என்று எழுதுங்கள். வருகிற நவம்பரில் கொழும்பில் வைக்கும் மலர்வளையங்களில் ஒன்று அவர்கள் பேரிலும் இருக்கட்டும். அந்தக் காலத்தில் வாளி தூக்கியவர்களில் ஓரிருவர் இன்னும் லயத்துத் திண்ணைகளில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் பேரன்,
கேகாலை மாவட்டம்.