பம்ப்கின் பையும் நம் சிரிப்பும்

பம்ப்கின் பை என்பது பரங்கிக்காயில் செய்யும் அமெரிக்க இனிப்பு. அதன் வாசனையை லாவெண்டரோடு சேர்த்து முகர்ந்தால் ஆணுறுப்பில் ரத்த ஓட்டம் 40 சதவீதம் கூடும். ஆங்கிலப் பத்திரிகைகளின் அந்தரங்க ஆலோசனைப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் தகவல் இது. படித்ததும் சிரிப்பு வரும். குடும்பமே கூடும் நன்றிகூறல் நாள் விருந்தில் மாமனார் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று உடனே ஒரு ஜோக்கும் வரும். சரி, சிரிக்கலாம். ஆனா யாரைப் பார்த்து?

1990களில் சிகாகோவில் ஆலன் ஹிர்ஷ் என்ற நரம்பியல் மருத்துவர் செய்த ஆய்வு அது. மொத்தமே 31 ஆண்கள். டோனட்டும் கறுப்பு லிகரிஸ் மிட்டாயும் சேர்ந்த வாசனைக்கு 31.5 சதவீதம். முகரக் கொடுத்த எல்லா வாசனையும் ரத்த ஓட்டத்தைக் கொஞ்சமாவது கூட்டியிருக்கிறது. எதைக் கொடுத்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட்டை எங்கள் ஆபீஸில் யாரும் நம்ப மாட்டோம். முதலில் டெஸ்ட்டைத்தான் சந்தேகப்படுவோம். பழைய நினைவுகளைக் கிளறுவது காரணமாக இருக்கலாம் என்பது ஹிர்ஷே சொன்ன ஊகங்களில் ஒன்று. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மணக்கும் ஒரு நவம்பர் மாதச் சமையலறை அமெரிக்கர்களுக்கு என்னென்னவோ ஞாபகப்படுத்தும். இதில் கேலிக்கு என்ன இருக்கு?

கேலிக்குரிய வேலை அதற்குப் பிறகுதான் நடந்தது. சிகாகோ ஆண்கள் சிலரின் மூக்கு உலகப் பெண்களுக்கெல்லாம் சமையல் குறிப்பானது. 1965இல் காஸ்மோபாலிட்டனுக்கு ஆசிரியராக வந்த ஹெலன் கர்லி பிரவுன், கல்யாணமாகாத பெண்ணுக்கும் ஆசை உண்டு என்று சத்தமாகச் சொன்னார். அது பெரிய விஷயம். அப்படித் தொடங்கிய பேச்சு காலப்போக்கில் டோனட்டைக் கட்டிலுக்கு எடுத்துப்போகச் சொல்லும் டிப்ஸ் பட்டியலாகச் சுருங்கியது. பெண்ணின் ஆசையைப் பேச வந்த பக்கம் அவளுக்கு இன்னொரு வீட்டுவேலையைக் கொடுத்துவிட்டுப் போனது.

இந்த எடிட்டோரியல் மேஜையை நாம் கிண்டல் செய்வதில்லை. "பட்டை வாசனைக்கா? என்ன ஆளுடா இவன்!" என்று ஆசைப்பட்டவனைத்தான் செய்கிறோம். 'முந்தானை முடிச்சு' 1983இல் வந்தது. இன்றும் நம் ஊரில் முருங்கைக்காய் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. முதலிரவு அறையில் பாலும் பழமும் வைப்பது சம்பிரதாயம். நம்முடையது மரபு, அவனுடையது வக்கிரம். நல்ல நியாயம்!

பத்திரிகை ஒருவரின் விருப்பத்தை எல்லோருக்கும் விதியாக்குகிறது. நம் சிரிப்பு அதையே நோயாக்குகிறது. ஆசை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இந்தச் சிரிப்புக்கு விலை உண்டு. தனக்குப் பிடித்த, யாருக்கும் கேடில்லாத ஒன்றைத் தன் துணையிடம் சொல்ல வாயெடுத்த ஒருவர் அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறார். சிலர் ஆயுசுக்கும். ஜோக் அடிங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. 31 பேரை வைத்து உலகத்துக்கே டிப்ஸ் எழுதியவரைப் பார்த்து அடிங்க.